சப்பை மூக்கனின் எடை

பெரியம்மா போன் செய்தபோது நான் மாத்திரைகளை நிறுத்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்துக்கு அரை மணிக்கு ஒருமுறை இருபது மாத்திரைகள் வரும். ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எடையை நோட்டில் எழுதவேண்டும். யாரோடும் அதிகம் பேசவேண்டியதில்லை. அதனாலேயே எனக்கு அந்த வேலை பிடிக்கும்.

"நான்தான்டி பேசறேன், பெரியம்மா."

குரல் அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. எங்கள் இரண்டு வீடுகளுக்கும் பேச்சுவார்த்தை நின்று பத்தொன்பது வருடம். எட்டு மாதம் முன்பு அப்பா இறந்தபோது பெரியம்மா மட்டும் வந்தார். கேட் பக்கத்திலேயே நின்று அழுதுவிட்டுப் போய்விட்டார். பெரியப்பா வரவில்லை.

"உன் பெரியப்பாவுக்குக் கண்ணு போயிடுச்சு. நேரா பார்த்தா ஒண்ணும் தெரியாது, ஓரத்துல மட்டும் கொஞ்சம் தெரியும். சேர்த்து வெச்ச பழைய தங்கக் காசையெல்லாம் மியூசியத்துக்குக் குடுக்கறார். அடுத்த வாரம் வர்றாங்க. ஒவ்வொண்ணும் எவ்வளவு எடைன்னு பட்டியல் வேணுமாம். வெளியாளை உள்ளே விடமாட்டார். நீ தராசு வேலைதானே பார்க்கறே?"

"ஆமா பெரியம்மா. மாத்திரை நிறுக்கறேன்."

"மாத்திரையைக்கூடவா நிறுப்பாங்க? வாயில போட்டா போச்சு!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "வாடி. எனக்காக வா" என்றார்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தாராளமா போ. அவர் தங்கத்தையெல்லாம் நிறுத்துக் குடுத்துட்டு வா. கிளம்பும்போது உன் பையை அவரே தொட்டுப் பார்க்கற மாதிரி திறந்து காட்டிட்டு வா. திருடன் பொண்ணு இல்லையா?"

நான் போக நினைத்தது பெரியம்மாவுக்காக மட்டும் இல்லை. அந்தக் காசுகளில் ஒன்றை என் கையால் நிறுத்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குப் பல வருடமாக ஆசை. ஆசை என்றும் சொல்லமுடியாது.

பெரியப்பா நில அளவையாளராக இருந்தவர். மற்றவர்கள் சம்பளத்தில் வீட்டைப் பெரிதாக்கினார்கள், அவர் பழைய தங்கக் காசு சேர்த்தார். மொத்தம் நாற்பத்தேழு காசு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. யானை, மயில், படகு, இரட்டைத் தலை. அதில் ஒன்று சப்பை மூக்கன். ஏதோ ஒரு ராஜாவின் பக்கவாட்டு முகம். காசு அடித்தவனின் சுத்தியல் கொஞ்சம் தள்ளி விழுந்ததோ என்னவோ, மூக்கு மட்டும் நசுங்கியிருக்கும். அப்பாவுக்கு அந்த மூக்கு ரொம்பப் பிடிக்கும். "ராஜாவா இருந்தும் பாரு, மூக்கு நம்ம குடும்பத்து மூக்கு" என்பாராம்.

அப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். சப்பை மூக்கனை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துத் தருகிறேன் என்று அண்ணனிடம் கேட்டு வாங்கி வந்தார். ஏழு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். அந்த ஏழு நாளுக்குள் பெரியப்பா புதிதாக ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கியிருந்தார். அதுவரை இருந்தது கைத்தராசும் பித்தளை எடைக்கற்களும். புதுத் தராசில் அவர் முதலில் வைத்த காசு, அப்போதுதான் வீடு திரும்பிய சப்பை மூக்கன்.

அந்தக் காசுக்கு அவர் எழுதிவைத்திருந்த சீட்டில் இருந்த எடை 3.43 கிராம். தராசு காட்டியது 3.39.

பழைய காசை அச்செடுத்து, அதில் தங்கத்தை உருக்கி ஊற்றிப் போலி செய்வார்கள். ஆறும்போது தங்கம் கொஞ்சம் சுருங்கும். அதனால் போலி அசலைவிட எடை குறைவாக இருக்கும். காசு சேர்க்கிற யாருக்கும் தெரிந்த விஷயம் இது. அப்பாவின் ஸ்டுடியோவுக்கு அடுத்த கடை நகைப் பட்டறை. பெரியப்பாவுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. "இது என் காசு இல்ல. என் காசைக் குடுத்துடு" என்றார். அப்பா, தான் எடுத்த படங்களை அவருக்கு அனுப்பினார். உறை பிரிக்காமல் திரும்பி வந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்திலிருந்து இரவல் வாங்கிய சிறிய தராசோடும் சோதனை எடைக்கற்களோடும் போனேன். மேலதிகாரி சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். "அது பிறந்ததிலேர்ந்து மாத்திரையைத் தவிர எதையும் பார்த்ததில்ல. தங்கத்தைக் காட்டிக் கெடுத்துடாதே" என்றார்.

பெரியப்பா தன் அறையில் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டார். என்னைப் பார்க்க முகத்தைத் திருப்பி வேறெங்கோ பார்த்தார். அப்படிப் பார்த்தால்தான் ஓரக்கண்ணில் நான் தெரிவேன் என்று பிறகுதான் புரிந்தது.

"சின்னவன் பொண்ணா?"

"ஆமா பெரியப்பா."

"உயரமா?"

"ரொம்ப இல்ல."

"சீட்டையும் காசையும் மாத்திடாதே. எந்தக் காசு எந்தக் குழியில இருந்ததோ அங்கேயே வை. ஓரத்தைப் பிடிச்சு எடு, முகத்துல விரல் படக்கூடாது. நான் இங்கேயேதான் இருப்பேன்."

"சரி பெரியப்பா."

"சப்பை மூக்கனை எடுக்கும்போது மட்டும் சொல்லு."

பெரியம்மா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, கண்டுகொள்ளாதே என்று எனக்குக் கை காட்டினார்.

மரத்தட்டுகள் நான்கு. தட்டில் வட்டக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் பச்சைத் துணி, அதன் மேல் வட்டமாக வெட்டிய அட்டைச் சீட்டு, அதன் மேல் காசு. சீட்டில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் எடை, வாங்கிய தேதி, யாரிடமிருந்து என்ற விவரம். நாற்பத்தேழும் ஒரே கையெழுத்து. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

சப்பை மூக்கன் இரண்டாவது தட்டின் மூலையில் இருந்தான். ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன். கீழே சீட்டில் சிவப்பு மையில் ஒரு வரி சேர்த்திருந்தது.

"மாற்றப்பட்டது. இளையவன் கையில் ஏழு நாள்."

இந்தச் சீட்டு அடுத்த வாரம் மியூசியத்துக்குப் போகும். அங்கே யாராவது அதைப் பெரிய புத்தகத்தில் ஏற்றுவார்கள். அப்பாவைத் தெரியாதவர்கள், இனிமேல் பிறக்கப்போகிறவர்கள், எல்லோரும் படிப்பார்கள். காசைத் திரும்ப வைத்தேன்.

கூடத்துப் பழக்கம், வரிசையாகத்தான் செய்வேன். தராசைச் சமமாக வைத்து, சோதனைக்கல்லை வைத்துப் பார்த்தேன். சரியாகக் காட்டியது. அதை நோட்டில் முதல் வரியாக எழுதினேன். பிறகு முதல் தட்டைத் தொடங்கினேன்.

முதல் தட்டு முழுக்கச் சின்னக் காசுகள், விரல் நகம் அளவு. முதலாவது சீட்டில் 1.27. தராசில் 1.27. அடுத்தது 1.61, தராசிலும் 1.61. பதினோரு காசு. பதினொன்றும் சீட்டில் இருந்தபடியே. ஒன்றில்கூடக் கடைசி இலக்கம் மாறவில்லை.

ஒவ்வொன்றும் சரியாக வரவர எனக்குள் ஏதோ இறங்கிக்கொண்டே போனது. பெரியப்பாவின் கைத்தராசு தவறாக இருந்திருக்கலாம் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் அதை நம்பித்தான் வந்தேன். அந்தத் தராசு முப்பது வருடத்துக்கு முன்பு எவ்வளவு காட்டியதோ, அதையேதான் இன்று என் தராசும் காட்டியது.

வரிசையை விட்டுவிட்டேன்.

"சப்பை மூக்கனை எடுக்கறேன், பெரியப்பா."

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "சொல்லு."

"மூணு புள்ளி மூணு ஒன்பது."

"ம்" என்றார். அதில் வெற்றி எதுவும் இல்லை. பழைய வலியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற மாதிரி ஒரு சத்தம். "எழுதிக்கோ."

எழுதினேன். ஒன்பது கோணலாக வந்தது.

எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் உண்டு. அப்போது எனக்கு ஐந்து வயது. ஸ்டுடியோவில் பெரிய விளக்குக்குக் கீழே அந்தக் காசு இருந்தது. அடுத்த கடை நகைப் பட்டறைக்காரர் உள்ளே வந்தார். அதைக் கையில் எடுத்தார். கண்ணில் நகை பார்க்கும் குழல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா சிரித்தபடி ஏதோ சொன்னார். இவ்வளவுதான். இதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசிக்கு முந்தின வாரம், சம்பந்தமே இல்லாமல் அப்பா கேட்டார். "நான் அதை எடுத்திருப்பேன்னு நீ நினைக்கறியாம்மா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். எனக்கு அந்தப் பட்டறைக்காரரின் கண்ணில் இருந்த குழல் ஞாபகம் வந்தது. நான் "இல்லப்பா" என்று சொல்வதற்குள் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். "சரி, விடு. தண்ணி குடு" என்றார்.

*

பெரியம்மா டீ கொண்டுவந்தார். குடித்துவிட்டு இரண்டாவது தட்டின் முதல் குழிக்குப் போனேன். மீதி வேலையை முடித்துவிட்டுக் கிளம்பவேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

யானை. சீட்டில் 3.46. தராசில் 3.42.

காசை எடுத்தேன். தராசு பூச்சியத்துக்கு வந்தது. மறுபடி வைத்தேன். 3.42. சோதனைக்கல்லை வைத்தேன். சரி.

மயில். சீட்டில் 3.44. தராசில் 3.40.

அடுத்தது ஒரு பெண் நிற்கிற காசு. 3.37, தராசில் 3.33.

அடுத்தடுத்த காசுகளை வைத்துப் பார்த்தேன். எல்லாம் நாற்பது மில்லிகிராம் குறைவு. கூடவும் இல்லை, கம்மியும் இல்லை. அதன் பிறகு படகு வந்தது. 5.21. தராசிலும் 5.21.

இது எனக்குப் புரியவில்லை. சின்னது எல்லாம் சரி. நடுத்தரம் எல்லாம் தவறு. பெரியது சரி. அடுத்தது இரட்டைத் தலை, படகைவிடப் பெரிது. சீட்டில் 7.83. தராசில் 7.79. மறுபடியும் தவறு.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பட்டியல் போட்டேன். ஒன்றரை கிராம், ஐந்து கிராம் சரி. மூன்று, ஏழு தவறு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றரை கிராம் காசுக்கு எந்தக் கல்லை வைப்பார்? ஒரு கிராம் கல், மீதிக்குச் சின்னத் தகட்டு எடைகள். ஐந்துக்கு ஐந்து கிராம் கல். மூன்றுக்கு? இரண்டும் ஒன்றும். ஏழுக்கு? ஐந்தும் இரண்டும்.

"பெரியம்மா" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "பழைய கைத்தராசு எடைக்கல் பெட்டி இருக்கா?"

"அது எதுக்கு?" என்றார் பெரியப்பா.

"பட்டியல்ல அதையும் எழுதணும், பெரியப்பா." பொய்தான். கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது.

பெட்டி அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. உள்ளே குழிகளில் பித்தளைக் கற்கள். ஐந்து, இரண்டு, ஒன்று, ஒன்று. பெரியப்பா வாங்கும்போதே பழையது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிந்தது. மற்ற மூன்றின் தலைக் குமிழும் உருண்டை. இரண்டு கிராம் கல்லின் குமிழ் கொஞ்சம் தட்டை. வேறு ஏதோ பெட்டியிலிருந்து வந்து இங்கே குடியேறிய கல்.

தராசில் வைத்தேன்.

1.96.

*

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் எதையும் நேரடியாகச் சொல்லிப் பழகாதவள். கடைசியில் ஒன்று தோன்றியது.

"பெரியப்பா, காசு பேர் சொன்னா சீட்டுல என்ன எடைன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குமா?"

"என் பேரு மறந்தாலும் அது மறக்காது."

"யானை."

"மூணு புள்ளி நாலு ஆறு."

"இங்கே மூணு புள்ளி நாலு ரெண்டு காட்டுது."

"தராசைச் சரியா வை."

"சரியாத்தான் இருக்கு, பெரியப்பா. மயில்."

"மூணு புள்ளி நாலு நாலு."

"மூணு புள்ளி நாலு. நிக்கற பொண்ணு?"

"மூணு புள்ளி மூணு ஏழு." அவர் குரல் வேகமானது.

"மூணு புள்ளி மூணு மூணு."

"மாத்திரைத் தராசைக் கொண்டுவந்து தங்கத்தை நிறுத்தா இப்படித்தான் இருக்கும். படகை வை! படகு அஞ்சு புள்ளி ரெண்டு ஒண்ணு."

"அஞ்சு புள்ளி ரெண்டு ஒண்ணு. அது சரியா இருக்கு."

"பார்த்தியா!" என்று மேசையைத் தட்டினார். ஒரு கணம் சின்னப் பையனைப் போல அவர் முகம் மலர்ந்தது. பிறகு மெல்ல மாறியது. என் தராசு படகுக்குச் சரி என்றால் மயிலுக்கும் சரிதான். அது அவருக்கே தெரிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க எண்களோடு இருந்தவர்.

"அடுத்தது சொல்லு" என்றார் மெதுவாக.

சொன்னேன். அவர் சீட்டின் எடையைச் சொன்னார், நான் தராசின் எடையைச் சொன்னேன். அவர் ஒன்று, நான் ஒன்று. பெரியம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி வாசல்படியில் வந்து நின்றார். பத்தாவது காசுக்குப் பெரியப்பா எண்ணைச் சொல்லவில்லை. நான் தராசின் எண்ணை மட்டும் சொன்னேன். பதினொன்றாவதுக்கு நானும் நிறுத்திக்கொண்டேன்.

"ரெண்டு கிராம் கல்லு வேற பெட்டியோட கல்லு, பெரியப்பா. நாற்பது மில்லிகிராம் குறையுது. அதை வெச்சு நிறுத்த எல்லாக் காசுக்கும் சீட்டுல நாற்பது மில்லிகிராம் கூட எழுதியிருக்கு. சப்பை மூக்கனும் அப்படித்தான். அது... அது மாறலை."

அவர் கையை நீட்டினார். கல்லை உள்ளங்கையில் வைத்தேன். கட்டைவிரலால் குமிழைத் தடவினார். பிறகு பெட்டியைத் துழாவி ஒரு கிராம் கல்லின் குமிழைத் தடவினார். மறுபடி இதை. மறுபடி அதை.

"என் காசெல்லாம் எடை நிக்கும்னு பெருமை பேசுவேன்" என்றார். "மத்தவங்க காசு மூணு புள்ளி நாலு, மூணு புள்ளி மூணுன்னு இருக்கும். என்னோடது எல்லாமே ஒரு இழை கூட. தேயாத காசாப் பொறுக்கற கண்ணு எனக்கு இருக்குன்னு நினைச்சேன். எல்லார்கிட்டயும் சொல்வேன். அவன்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

பெரியம்மா உள்ளே வந்தார். கையில் இன்னும் கரண்டி இருந்தது.

"பத்தொன்பது வருஷம்" என்றார். "அந்தத் தராசு மெஷின் அதோ அலமாரி மேலேதானே இருக்கு? நான் வாராவாரம் தூசி தட்டறேனே. ஒரே ஒரு நாள் வேற ஒரு காசை எடுத்து அதுல வெச்சிருந்தா?"

"மத்ததை யாரும் தொடலையே" என்றார் அவர். "யார் கையும் படாத காசை எதுக்கு நிறுக்கணும்?"

"உங்க கை பட்டுதே!"

பெரியப்பா எங்கள் இருவரிடமும் அல்லாமல் தனக்குத்தானே பேசினார். "வயல்ல இறங்கறதுக்கு முன்னாடி நிலம் அளக்கற சங்கிலியை அளப்போம். சங்கிலியே நீண்டிருந்தா நிலமெல்லாம் தப்பாயிடும். முப்பத்தஞ்சு வருஷத்துல சங்கிலியை அளக்காம ஒரு நாள்கூட நான் இறங்கினதில்ல."

பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். உள்ளே பாத்திரத்தை ஓங்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

பெரியப்பா முகத்தைத் திருப்பி, ஓரக்கண்ணில் என்னைப் பிடிக்கப் பார்த்தார்.

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

"எது பெரியப்பா?"

"தான் எடுக்கலைன்னு."

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எப்படிப்பட்டது என்று அவருக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"அவருக்கு மட்டும்தான் தெரியும்" என்றேன். பிறகு, எதற்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை, "எனக்குக்கூடத் தெரியாது, பெரியப்பா" என்றேன்.

அவர் கை மேசையில் என் கையைத் தேடி வந்தது. தராசின் மேல் பட்டு எண்கள் ஓடின. நான் கையைக் கொடுக்கவில்லை. எடுத்துக்கொள்ளவும் இல்லை. அவர் விரல்கள் என் மணிக்கட்டின் மேல் வந்து நின்றன. குளிர்ந்திருந்தன.

"அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடு" என்றார்.

கூடத்தில் நாங்கள் எதையும் கிழிப்பதில்லை. தவறாக எழுதியிருந்தால் படிக்கிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடவேண்டும். அவரிடம் அதைச் சொன்னேன். தலையாட்டினார். 3.43 என்பதை ஒரு கோட்டால் அடித்து 3.39 என்று எழுதினேன். "மாற்றப்பட்டது" என்ற சொல்லை அடித்தேன். மீதி வரியையும் அடிக்கப் பேனாவை வைத்தவள் எடுத்துவிட்டேன். அதில் தவறு ஒன்றும் இல்லை. இளையவன் கையில் ஏழு நாள். உண்மைதான். இருந்தது.

மீதிச் சீட்டுகளைத் திருத்தி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. பெரியப்பா அதற்குப் பிறகு ஒரு எண்ணையும் கேட்கவில்லை. கிளம்பும்போது பெரியம்மா கேட் வரை வந்தார். வீட்டுக்கு வரும்படி அம்மாவைக் கூப்பிடலாமா என்று கேட்க நினைத்தார் போலிருக்கிறது. வாயெடுத்துவிட்டு, "பஸ் இருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

*

அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து, தட்டில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் உலை வைத்திருந்தது.

"பையைத் திறந்து பார்த்தாரா?"

"இல்லம்மா."

"ஆச்சரியம்தான்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"சப்பை மூக்கன் அசல்தாம்மா. அவரோட எடைக்கல்தான் தப்பு. ரெண்டு கிராம் கல்லு. நானே நிறுத்துப் பார்த்தேன். அவரும் ஒத்துக்கிட்டார்."

அம்மா நிமிரவில்லை. ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள். இன்னொன்று. அவள் சந்தோஷப்படுவாள், அல்லது அழுவாள், அல்லது பெரியப்பாவைத் திட்டித் தீர்ப்பாள் என்று நினைத்திருந்தேன்.

"இப்ப ஒத்துக்கிட்டாராமா" என்றாள். பிறகு, "எவ்வளவு தப்பு?" என்றாள்.

"நாற்பது மில்லிகிராம்."

"அப்படின்னா?"

"ஒரு கிராமை ஆயிரமாப் பங்கு போட்டா அதுல நாற்பது பங்கு."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுடி. இவ்வளவு படிச்சிருக்கே."

எனக்குத் தட்டிலிருந்த அரிசிதான் கண்ணில் பட்டது. ஒரு அரிசி ஏறக்குறைய இருபது மில்லிகிராம் இருக்கும். இரண்டு முழு அரிசியாகப் பார்த்து எடுத்து, அம்மாவின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தேன்.

"இவ்வளவு."

அம்மா கையை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"வெச்சிருக்கற மாதிரியே தெரியலையே."

"தெரியாதும்மா."

"உங்கப்பா அங்கேர்ந்து வீட்டுக்கு வந்த அன்னிக்குச் சாப்பிடலை" என்றாள் அம்மா. "நாலு நாள் சாப்பிடலை. அண்ணன் என்னை அப்படிக் கேட்டுட்டாரேன்னு அதையே சொல்லிட்டிருந்தார். அஞ்சாம் நாள் எழுந்து ஸ்டுடியோவுக்குப் போனார். அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்ல. நானும் கேட்கலை. எனக்கும் ஒரு ஓரத்துல..."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும்தான் அந்தச் சந்தேகம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

அம்மா அந்த இரண்டு அரிசியையும் கைக்குள் மூடிக்கொண்டாள். மறு கையால் கல் பொறுக்கப் பார்த்தாள். அரிசிக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் விரல் தட்டில் அலைந்தது. உலை கொதித்து மூடி ஆடத் தொடங்கியது. தண்ணீர் வழிந்து அடுப்பில் சீறியது. அவள் எழுந்திருக்கவில்லை.

நான் போய் அடுப்பை அணைத்தேன்.